குடில் பொம்மைகளைச் சுற்றியிருந்த காகிதங்கள்

அல்வால்,
டிசம்பர் 2, செவ்வாய்க்கிழமை.

அன்பும் மரியாதையும் உள்ள நடேசன் அண்ணனுக்கு,

லாலாகூடா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் உங்களோடு முப்பத்தைந்து வருஷம் சம்மட்டி பிடித்த எட்வின் எழுதுவது. நீங்களும் மகன் கிருஷ்ணபிரசாத்தும் கோயம்புத்தூரில் சுகமாக இருக்க மாதாவை வேண்டிக்கொள்கிறேன். இங்கே நானும் ஜெயசுந்தரியும், மகன் தீபக், மருமகள் பிளெசி, பேத்தி தாரிணி எல்லோரும் சுகம். தீபக்குக்கு இன்னும் பட்டான்செரு மருந்துக் கம்பெனியில் ஷிப்ட் வேலைதான். நாங்கள் விழித்திருக்கும்போது தூங்குகிறான்.

காகிதத்தின் மேலே பார்த்திருப்பீர்கள். எங்கள் வழக்கப்படி முதலில் சிலுவை போட்டேன். படிக்கப்போகிறவர் நீங்களாயிற்றே என்று பக்கத்திலேயே பிள்ளையார் சுழியும் போட்டேன். இரண்டும் ஒன்றையொன்று முறைத்துக்கொள்ளாமல்தான் இருக்கின்றன.

யாரை வைத்து எழுதினான் இவன் என்று யோசிப்பீர்கள். நானேதான் எழுதுகிறேன். எனக்குப் படிக்க வந்துவிட்டது என்று செப்டம்பரில் கிருஷ்ணபிரசாத்திடம் போனில் சொல்லி, அப்பாவுக்கு எழுதிக் காட்டு தம்பி என்று கேட்டுக்கொண்டேன். காட்டியிருப்பார். அது எப்படி வந்தது என்ற கதையை மட்டும் நான் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் எங்கள் மாதா கோவில் பின்கட்டில் காஞ்சனா டீச்சர் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கிறார். ரிடையரான டீச்சர். பிளெசி தாரிணியை அதில் சேர்த்துவிட்டாள். கூட்டிக்கொண்டு போய்க் கூட்டிக்கொண்டு வருவது என் வேலை. வெளியே வெயிலாக இருந்ததால் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். மூன்று வாரத்தில் தாரிணி, ஐ நோ இனஃப் தாத்தா என்று நின்றுவிட்டாள். நான் நிற்கவில்லை. வீட்டுப்பாடம் எங்கே என்று டீச்சர் ஒருநாள் என்னையும் கேட்டார். அதற்குப் பிறகு நோட்டு வாங்கிவிட்டேன்.

ஒரு வேடிக்கை சொல்கிறேன். படிக்கக் கற்றுக்கொண்ட பிறகுதான் தெரிந்தது, இந்த ஊரில் தமிழ் எழுத்தே கிடையாது. கடைப் பலகையெல்லாம் தெலுங்கு, இங்கிலீஷ், கொஞ்சம் உருது. ஸ்டேஷனில் போய்ப் பார்த்தேன், அங்கேயும் இல்லை. கோவில் பாட்டுப் புத்தகம், சிவகாசி மத்தாப்புப் பெட்டி, ஈரோட்டு லுங்கியின் சீட்டு, இவ்வளவுதான் இதுவரை அகப்பட்டது. போன மாதம் மெயின் ரோட்டில் நாமக்கல் லாரி ஒன்று நின்றது. அதன் பின்னால் எழுதியிருந்ததைப் பாதி படிப்பதற்குள் கிளம்பிவிட்டது. "என் வேகம் உனக்கு" என்பது வரை படித்தேன். உனக்கு என்ன? இன்றுவரை யோசிக்கிறேன்.

கை வலிக்கிறது. நாளைக்குத் தொடர்கிறேன்.

புதன்கிழமை.

நான் எழுத உட்கார்ந்த காரணத்தை நேற்றே சொல்லியிருக்க வேண்டும். இரண்டு வாரத்துக்கு முன்னால் கிருஷ்ணபிரசாத் போன் செய்தார். அப்பா இந்த வருஷம் கிறிஸ்மஸுக்கு வரலையாம் அங்கிள், காது கேக்காம பிரயாணம் பண்ணக் கஷ்டமா இருக்காம் என்றார். நீங்கள் வர வேண்டும். அதைக் கேட்கத்தான் இந்தக் கடிதம்.

ராஜம் அண்ணி போனபிறகு நீங்கள் மகனிடம் போய் மூன்று வருஷம் ஆகிறது. இரண்டு கிறிஸ்மஸுக்கும் வந்தீர்கள். போன வருஷமே உங்களுக்குக் காது சுத்தமாகக் கேட்கவில்லை. தாரிணி காது மெஷினைக் கூட்டி வையுங்கள் என்று கத்த, நீங்கள் காபி வேண்டாம் என்று சொன்னீர்கள். அப்படியும் வந்தீர்கள், குடிலுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தீர்கள், அதிரசம் சாப்பிட்டீர்கள். அதே காதுதான் இந்த வருஷமும். பின் ஏன் வரவில்லை என்று எனக்குப் பிடிபடவில்லை. ஜெயசுந்தரியிடம் கேட்டேன். வயசாச்சு மனுசனுக்கு, உன்னை மாதிரியா ஊர் சுத்துவாங்க என்றாள்.

பிறகு காரணம் தெரிந்துவிட்டது. எப்படி என்று வரிசையாகச் சொல்கிறேன்.

பிளெசி இந்த வருஷம் ஒரு சட்டம் போட்டிருக்கிறாள். வீட்டில் என்ன இருக்கிறது என்று பார்க்காமல் பண்டிகைக்கு ஒன்றும் வாங்கக் கூடாது. போன வருஷம் சீரியல் பல்பு மூன்று சரம் வாங்கியபிறகு பரணில் நான்கு சரம் கிடைத்ததே, அதிலிருந்து பிடித்த வைராக்கியம். இரண்டாவது சட்டம், கடையில் எதை எடுத்தாலும் அது யாருக்கு என்று பேர் சொன்னபிறகுதான் பைக்குள் போட வேண்டும். பேர் சொல்ல வரவில்லையென்றால் அந்தச் சாமான் நமக்குத் தேவையில்லை என்று அர்த்தமாம். அவளிடம் வாதாட முடியாது. நியாயமாகத்தான் இருக்கிறது.

தாரிணி போனில் ஒரு குடில் காட்டினாள். விளக்கு எரிகிறது, தண்ணீர் ஓடுகிறது, நட்சத்திரம் சுற்றுகிறது. அதை வாங்கலாம் என்றாள். முதலில் பழைய குடிலை இறக்கு, ஒன்றிரண்டு உடைந்திருந்தால் அதை மட்டும் வாங்கலாம், முழுசா எந்துக்கு என்றாள் பிளெசி. வழக்கமாக டிசம்பர் நடுவில் திறக்கிற தகரப் பெட்டியை அதனால் நவம்பரிலேயே இறக்கினோம்.

எங்கள் அம்மாவின் குடில் உங்களுக்குத் தெரியும். வேலூரில் கோவில் திருவிழாக் கடையில் வருஷத்துக்கு ஒன்றாக வாங்கிச் சேர்த்த மண்பொம்மைகள். மாதா, சூசையப்பர், பாலன், மூன்று ராசாக்கள், இடையர் இரண்டு பேர், இறக்கை வைத்த சம்மனசு, மாடு, கழுதை, ஒட்டகம், மூன்று ஆடு. பதினைந்து உருப்படி. ஒவ்வொன்றையும் சுற்றி வைக்க வேலூர் அக்கா எனக்குப் போட்ட இன்லண்டு கடிதங்களைத்தான் எடுத்தேன். அம்மா பொம்மை அக்கா காகிதத்தில் இருப்பது பொருத்தம் என்று நினைத்தேன். எத்தனையோ வருஷமாக அவை எல்லோர் கண் முன்னாலும் இருந்தன. எனக்குப் படிக்கத் தெரியாது, ஜெயசுந்தரிக்கும் தெரியாது. தீபக் தெலுங்கும் இங்கிலீஷும் படித்தவன். பிளெசியும் அப்படியே. வீட்டில் தமிழ் பேச ஐந்து பேர், படிக்க ஒருவரும் இல்லை.

முதலில் கழுதையைப் பிரித்தேன். பிளெசி பொம்மையை வாங்கி வைத்துக்கொண்டு, பேப்பர்லாம் பழசு மாமா, பூச்சி வரும், போட்டுடலாம் என்றாள். இரு என்று சொல்லி விரித்தேன். அக்கா கையெழுத்து உருண்டை உருண்டையாக இருந்தது. முதல் தடவையாக அக்கா எழுதியதை நானே படித்தேன். அரை மணி நேரம் ஆனது.

அதில் என்ன இருந்தது தெரியுமா? "கேன்டீனில் உன் சிநேகிதர் நடேசன் பாடினதையும், அதைக் கேட்டு போர்மேன் கூஜாவைத் தூக்கி எறிந்ததையும் படித்து நானும் உன் அத்தானும் வயிறு வலிக்கச் சிரித்தோம். நீ எழுதுவதைப் படித்தால் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவது போல் இருக்கிறது" என்று இருந்தது.

நான் அதை எழுதச் சொல்லவே இல்லை.

எனக்கு அந்த மத்தியான வேளை நன்றாக நினைவிருக்கிறது. சாப்பாட்டுச் சங்கு ஊதியதும் பழைய சக்கரத்தின்மேல் உட்காருவீர்கள். சொல்லுடா எட்வினு, இன்னா எழுதணும் என்பீர்கள். நான் இங்கே சுகம், அங்கே சுகமா, வேறே ஒண்ணும் இல்லை என்பேன். இதுக்கு இன்லண்டு எதுக்குடா, கார்டே போதுமே என்று சொல்லிவிட்டு அரை மணி நேரம் எழுதுவீர்கள். நான் பக்கத்தில் பீடி குடித்துக்கொண்டு காத்திருப்பேன். இரண்டு வரி எழுத அரை மணி நேரம் பிடிக்கும்போல, எழுத்து என்பது எவ்வளவு சிரமமான வேலை என்று உங்கள்மேல் பரிதாபப்பட்டிருக்கிறேன். அக்கா பதில் போட்டால் அதைப் படித்துக் காட்டுவதும் நீங்கள்தான்.

அன்றைக்கு மாட்டையும் பிரித்தேன். மாட்டின் காகிதத்தில், "நீ ஆசைப்பட்டுக் கேட்டாயே என்று கைமுறுக்கு சுற்றி அனுப்பியிருக்கிறேன். இனி வருஷா வருஷம் அனுப்புகிறேன்" என்று இருந்தது. அண்ணே, எனக்கு முறுக்கு பிடிக்காது. சின்ன வயசிலிருந்தே பிடிக்காது. எனக்கு அதிரசம்தான். அக்கா ஏன் பத்துப் பதினைந்து வருஷம் முறுக்காக அனுப்பினாள், மறந்துவிட்டாளா என்று மனசுக்குள் குறைபட்டிருக்கிறேன். டப்பா வந்ததும் நான் உங்களிடம் தள்ளிவிடுவேன், நீங்கள் சாய்ங்காலத்துக்குள் காலி செய்துவிடுவீர்கள். இப்போது விளங்கிவிட்டது. ஜெயசுந்தரிக்கு இதைப் படித்துக் காட்டியதும் சமையலறையிலிருந்து சிரிப்புச் சத்தம் நிற்கவே இல்லை.

ஒரு நாளைக்கு இரண்டு பொம்மை என்று வைத்துக்கொண்டேன். அதற்குமேல் கண் வலிக்கிறது. எந்தப் பொம்மைக்குள் என்ன இருக்கும் என்ற நினைப்பிலேயே காலையில் சீக்கிரம் எழுந்துவிடுவேன். தாரிணி பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும், டுடே எவரு தாத்தா, கிங்கா ஷீப்பா என்று கேட்பாள். எல்லாம் படித்துக் காட்டினேன். அந்த அங்கிள் உங்களுக்கு எடிட்டர், தாத்தா என்றாள். எடிட்டர் என்றால் என்ன என்று கேட்டதற்கு, நாம் சொன்னதை நாம் சொல்லாத மாதிரி நன்றாக ஆக்குகிறவர் என்று விளக்கினாள்.

வியாழக்கிழமை.

இன்று எழுதப்போவது கொஞ்சம் கடினம். காலையிலிருந்து இரண்டு தடவை நோட்டை மூடிவிட்டேன்.

சேசு பாலனைப் பிரித்தது போன வாரம் புதன்கிழமை.

அம்மா இறந்த வருஷம் நடந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். குடிலைப் பங்கு பிரித்தபோது, பாலன் மூத்தவள் வீட்டில்தான் இருக்க வேண்டும் என்று அக்கா வைத்துக்கொண்டாள். பாலன் இல்லாத குடில் எனக்கு எதற்கு என்று நான் கத்தினேன். மீதிப் பதினாலையும் கோணிப்பையில் போட்டுக்கொண்டு, சாப்பிடாமல் ரயில் ஏறினேன். மறுநாள் வேலைக்கு வந்ததும் உங்களிடம் எழுதச் சொன்னேன். சொன்ன வார்த்தை எனக்கு அப்படியே ஞாபகம் இருக்கிறது. உனக்கும் எனக்கும் இனிமேல் ஒன்றும் இல்லை. பொம்மையை நீயே வைத்துக்கொண்டு கும்பிடு. நான் செத்தாலும் வந்து எட்டிப் பார்க்காதே. இதைத்தான் சொன்னேன். நீங்கள் என் முகத்தைப் பார்த்து, முடிஞ்சுதா என்று கேட்டீர்கள். முடிந்தது என்றேன். அப்புறம் எழுத ஆரம்பித்து இன்லண்டின் இரண்டு பக்கமும் நிரப்பி, நாக்கால் நக்கி ஒட்டினீர்கள்.

மூன்று வாரத்தில், தெரிந்த டிக்கெட் பரிசோதகர் ஒருவர் கையில் அக்கா பாலனை அனுப்பிவிட்டாள். பஞ்சு வைத்து, கடிதத்தில் சுற்றி. நீங்கள் படித்தீர்கள். தப்பு என்னுடையது தம்பி, மன்னித்துக்கொள் என்று அக்கா எழுதியிருக்கிறாள் என்றீர்கள். அதற்குப் பிறகு முப்பத்தாறு வருஷம், எங்கள் அக்காதான் முதலில் இறங்கி வந்தாள், நான் ஒரு போடு போட்டேன், அடங்கிவிட்டாள் என்று ஊரெல்லாம் பெருமை பேசியிருக்கிறேன். உங்களிடமே எத்தனை தடவை சொல்லியிருப்பேன். நீங்கள் தலையை ஆட்டுவீர்கள்.

கடிதத்தில் இருப்பது இது: "தம்பி, உன் கடிதத்தைப் படித்து அன்று முழுவதும் அழுதேன். 'அம்மா இல்லாத வீட்டில் பொம்மைக்காகச் சண்டை போட்டது என் புத்திக்குறைவு, பாலன் உன்னிடமே இருக்கட்டும்' என்று நீ எழுதிவிட்டாய். சின்னவன் நீ இறங்கி வந்தபிறகு மூத்தவள் நான் பாலனை வைத்துக்கொண்டு என்ன செய்ய? அனுப்பியிருக்கிறேன். தப்பு என்னுடையது."

கடைசி இரண்டு வார்த்தையை நீங்கள் சரியாகத்தான் படித்தீர்கள்.

உண்மையைச் சொல்கிறேன். எனக்குக் கோபம் வந்தது. இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. நீங்கள் ஏமாற்றினீர்கள் என்பதுகூட இல்லை. எங்கள் அக்கா ஒரு நல்ல தம்பியை நினைத்துச் சந்தோஷப்பட்டிருக்கிறாள், அது நான் இல்லை என்று தோன்றியது. அவள் மகள் கல்யாணத்துக்குப் போயிருந்தபோது என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கடுதாசியில அவ்வளவு பேசற, நேர்ல வந்தா மட்டும் வாயில கொழுக்கட்டையா என்று கேட்டாள். கேலி செய்கிறாள் என்று நினைத்து எழுந்து போய்விட்டேன். பாவம், நான் பேசுவேன் என்று எதிர்பார்த்து உட்கார்ந்திருக்கிறாள்.

ஜெயசுந்தரியிடம் சொன்னேன். அவள் அதிரச மாவு பிசைந்துகொண்டிருந்தாள், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நீ சொன்னத சொன்னபடி அந்த மனுசன் எழுதியிருந்தா, அந்த வருஷத்தோட அக்காவும் இல்ல தம்பியும் இல்ல, பாலன் எங்க கைக்கு வரும் உனக்கு என்றாள். மாவில் ஏலக்காய் போதுமா பார் என்று ஒரு துளி என் வாயில் வைத்தாள். அத்தோடு என் கோபம் இறங்க ஆரம்பித்தது. அவள் பாதித் தமிழிலும் பாதி இந்த ஊர்ப் பாஷையிலும் திட்டினால் எனக்கு எந்தக் கோபமும் நிற்காது.

சனிக்கிழமை எல்லோரும் ஜெனரல் பஜாருக்குப் போனோம். பிளெசியின் சட்டப்படி தாரிணிக்குச் செருப்பு, தீபக்குக்குச் சட்டை, கோவில் கூட்டுகிற அம்மாவுக்குச் சேலை. ஒவ்வொன்றுக்கும் பேர் சொல்லித்தான் பைக்குள் போனது. தாரிணி கண்ணாடி மான் ஒன்றை எடுத்து, ஃபார் த ஹவுஸ் என்றாள். ஹவுஸ் என்று யாருக்கும் பேர் இல்லை என்று பிளெசி திருப்பி வைத்துவிட்டாள். நடைபாதையில் கம்பளித் துணி விற்கிற ஜுலைகா பீபி கடையில் நான் ஒரு குரங்குக் குல்லாவைக் கையில் எடுத்தேன். சாம்பல் நிறம், காது இரண்டையும் மூடும். யாருக்கு மாமா என்றாள் பிளெசி. நடேசனுக்கு என்றேன்.

என் வாயில் உங்கள் பேர்தான் வந்தது. கோபத்தில் இருக்கிறேன் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அங்கிள் ராலேது கதா மாமா, வரலேன்னு சொல்லிட்டாங்களே என்றாள் பிளெசி. வராத ஆளுக்கு நக்கோ, வேணாம், கோயம்புத்தூர்ல என்ன பனியா கொட்டுது என்றாள் ஜெயசுந்தரி. கேட்காத காதுக்குக் குல்லா ஒண்ணு குறைச்சலா என்று வேறு சேர்த்துக்கொண்டாள். நான் குல்லாவைக் கீழே வைக்கவில்லை. இத்தா சோச்தே கைக்கு மியா, இவ்வளவு யோசனை எதற்கு என்று ஜுலைகா பீபி கேட்டார். கடைசியில் பிளெசிதான் தீர்ப்புச் சொன்னாள். பேர் சொல்லியாச்சு, அதனால பைக்குள்ள போகலாம். ஆனா ஆள் வரணும். அழைச்சுட்டு வர்றது உங்க பொறுப்பு.

அந்தப் பொறுப்பைத்தான் இப்போது செய்துகொண்டிருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை.

கடைசியாக ஒட்டகம்.

ஒட்டகத்தைச் சுற்றியிருந்தது அக்காவின் கடைசிக் கடிதம். இருபத்தோரு வருஷத்துக்கு முன்னால் ஒரு டிசம்பரில் எழுதினாள், அடுத்த பிப்ரவரியில் போய்விட்டாள். உள்பக்கம் எல்லாம் எனக்குத்தான். குளிர், முட்டிவலி, பேரன் பல் முளைத்தது. இதை நீங்கள் ஒரு வரி விடாமல் எனக்குப் படித்திருக்கிறீர்கள். பிறகு மடிக்கிற காதுப் பகுதியைத் திறந்தேன். அங்கே பொடி எழுத்தில் நான்கு வரி. அப்படியே எழுதுகிறேன்:

"நடேசன் தம்பிக்கு. இதை எட்வினுக்குப் படிக்க வேண்டாம். எது அவன் சொன்னது, எது நீங்கள் எழுதினது என்று ஆரம்பத்திலிருந்தே எனக்குத் தெரியும். என் தம்பியோடு பிறந்து வளர்ந்தவள் நான். சுகமா என்ற ஒரு வார்த்தைதான் அவனுடையது, அதை வைத்துக்கொண்டு மீதியை நம்பினேன். நீங்கள் கேட்டதற்குப் பதில், ஆமாம்."

அண்ணே, இதைப் படித்துவிட்டு ஒட்டகத்தை மடியில் வைத்துக்கொண்டு மறுபடியும் முதலிலிருந்து படித்தேன். அக்காவுக்குத் தெரியும். நீங்களும் அவளும் சேர்ந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறீர்கள். எனக்கு ஒன்றும் தெரியாமல் நான் பீடி குடித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

நீங்கள் ஏன் வரவில்லை என்பதும் அப்போதுதான் விளங்கியது. செப்டம்பரில் நான் படிக்கிறேன் என்று சொல்லி அனுப்பினேன். குடில் பொம்மைகள் எதில் சுற்றியிருக்கின்றன என்பது உங்களுக்குத் தெரியும். நாற்காலி போட்டு அவற்றைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்தவர் நீங்கள். இந்த வருஷம் மாறியது உங்கள் காது இல்லை, என் கண்தான். அதற்குத்தானே பயந்தீர்கள்?

பயப்பட ஒன்றும் இல்லை. இரண்டு நாள் கோபப்பட்டதை மேலே எழுதிவிட்டேன். அதற்குமேல் ஒளித்து வைத்த கோபம் எதுவும் என்னிடம் இல்லை. முறுக்கு விஷயத்தில் மட்டும் கொஞ்சம் இருக்கிறது.

ஆனால் எனக்கு ஒன்று தெரிந்தாக வேண்டும். அக்கா ஆமாம் என்று எழுதியிருக்கிறாள். எதற்கு ஆமாம்? நீங்கள் என்ன கேட்டீர்கள்? இன்னொரு டப்பா முறுக்கு அனுப்பட்டுமா என்று அக்கா கேட்டிருப்பாள், அந்த மனுசன் வேண்டும் என்றிருப்பார், அதைத்தான் மாற்றிப் படிக்கிறாய் என்கிறாள் ஜெயசுந்தரி. இல்லை, கேட்டவர் நீங்கள், பதில் சொன்னவள் அக்கா. என்னிடம் உண்மையைச் சொல்லிவிடட்டுமா என்று கேட்டீர்களா? அப்படியானால் ஏன் சொல்லவில்லை? பாலன் விஷயத்தில் என்மேல் அவளுக்கு உள்ளுக்குள் வருத்தம் இருந்ததா என்று கேட்டீர்களா? அப்படியானால் அந்த ஆமாம் எனக்கு வலிக்கும், ஆனாலும் தெரிய வேண்டும். இல்லை, இவன் உங்களை நிஜமாகவே நேசிக்கிறான், சொல்லத்தான் தெரியவில்லை, உங்களுக்கு அது தெரியுமா என்று கேட்டீர்களா? இதைத்தான் கேட்டிருக்க வேண்டும் என்று நான் ஆசைப்படுகிறேன். ஆசைப்படுகிறேன் என்பதற்காக நீங்கள் அப்படியே சொல்லிவிடக் கூடாது. நடந்ததைச் சொல்ல வேண்டும்.

பதிலைக் கடிதத்தில் எழுதாதீர்கள். நேரில் வந்து சொல்லுங்கள். உங்களுக்குக் கேட்காதே, பேச்சு எப்படி நடக்கும் என்று சாக்குச் சொல்ல வேண்டாம். தாரிணியின் பழைய சிலேட்டு ஒன்று கிடைத்தது, பலப்பமும் இருக்கிறது. நான் எழுதிக் காட்டுகிறேன், நீங்கள் வாயால் பதில் சொல்லுங்கள். உங்களுக்குக் காது போன நேரமும் எனக்கு எழுத்து வந்த நேரமும் ஒன்றாக அமைந்திருக்கிறது. நான் மெதுவாகத்தான் எழுதுவேன். அரை மணி நேரம் காத்திருங்கள். நான் காத்திருக்கவில்லையா?

குடிலை இந்த வருஷம் புதிதாக வாங்கவில்லை. ஒரு ஆட்டுக்குத்தான் கால் போயிருக்கிறது. அதை வைக்கோலில் படுக்க வைத்துவிட்டால் தெரியாது என்று தாரிணியே சொல்லிவிட்டாள். காகிதங்களையெல்லாம் தேய்ப்புப் பெட்டியால் இலேசாக நீவி ஒரு பைலில் போட்டிருக்கிறாள் பிளெசி. பைலின் மேலே யார் பேர் எழுதட்டும் என்று கேட்டாள், அவள் சட்டப்படி எதற்கும் ஒரு பேர் வேண்டுமே. இரண்டு பேர் எழுது என்று சொன்னேன். பாதி எனக்கு வந்த கடிதம், பாதி உங்களுக்கு வந்தது. உங்கள் பாதியை நீங்கள் வந்து படிக்க வேண்டும். என்னைப் போல எழுத்துக் கூட்டிப் படிக்கிறவன் படித்தால் அக்கா குரல் சரியாக வருவதில்லை. நீங்கள் படித்தால்தான் வரும். அந்தக் குரலைக் கேட்டு இருபத்தோரு வருஷம் ஆகிறது.

இருபதாம் தேதி சபரி வண்டியில் ஏறுங்கள். கிருஷ்ணபிரசாத்திடம் தீபக் பேசி டிக்கெட் போட்டுவிடுவான். ஸ்டேஷனுக்கு நானே வருகிறேன். எந்தப் பெட்டி என்று தேட வேண்டாம், உங்கள் பேரைப் பெரிதாக ஒரு அட்டையில் எழுதிப் பிடித்துக்கொண்டு நிற்பேன். அந்த ஸ்டேஷனில் தமிழ் எழுத்து அது ஒன்றுதான் இருக்கும்.

சிலுவையும் சுழியும் சேர்ந்து உங்களைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும். மாதா உங்கள் உடம்புக்குச் சுகம் கொடுக்கட்டும். சொல்ல வேண்டியது இன்னும் நிறைய இருக்கிறது. எனக்கு எழுத்து வந்துவிட்டதே தவிர, அதையெல்லாம் எழுத இன்னும் வரவில்லை. நான் எழுதாமல் விட்டதை, எப்போதும்போல, நீங்களே சேர்த்துப் படித்துக்கொள்ளுங்கள்.

சுகம். அங்கே சுகமா.

உங்கள் தம்பி
எட்வின்